டெல்டா மாவட்டங்கள் ‘மற்றும்’ காரைக்கால்: ஒரு சொல்லுக்குள் எத்தனை டெல்டா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், போனில் வரும் வானிலைச் செய்திகளில் இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘டெல்டா மாவட்டங்கள் மற்றும் காரைக்கால் பகுதிகளில் கனமழைக்கு வாய்ப்பு.’ குடை எடுத்துக்கிட்டுப் போகணுமா, ஸ்கூல் லீவா என்று பார்த்துவிட்டுப் பலரும் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

அந்த ‘மற்றும்’ மட்டும் கொஞ்சம் விசித்திரமானது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் டெல்டா. அவற்றை ஒட்டியே இருக்கும் காரைக்கால் மட்டும் ‘மற்றும்’. அப்படின்னா காரைக்கால் டெல்டா இல்லையா?

காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு பக்கம் குரும்பகரம் என்று ஒரு கிராமம். நெல் வயல், வாய்க்கால், வண்டல் மண் என்று பார்ப்பதற்கு அசல் காவிரி டெல்டா ஊர். பக்கத்திலேயே தமிழ்நாட்டின் எல்லை. இந்தப் பக்க வயலுக்கும் அந்தப் பக்க வயலுக்கும் மண்ணில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் “இது டெல்டாவா?” என்ற கேள்வியைப் புவியியலாளரிடம் கேட்டால் ஒரு பதில் வரும். பாசனப் பொறியாளரிடம் கேட்டால் இன்னொரு பதில். சட்டப் புத்தகத்தைப் பிரித்தால் மூன்றாவது பதில்.

சொல் ஒன்றுதான். அர்த்தம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த மாற்றத்தில் மண்ணும் தண்ணீரும் மாட்டிக்கொண்டிருப்பதால், இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அது ஒரு கதவு

டெல்டா என்பது கிரேக்க அரிச்சுவடியின் நான்காவது எழுத்து. பெரிய எழுத்தாக எழுதினால் சின்ன முக்கோணம். கிரேக்கர்கள் இந்த எழுத்தைத் தாங்களாக உருவாக்கவில்லை. மத்தியதரைக் கடலோரம் வாணிகம் செய்த பினீசியர்களிடமிருந்து வாங்கினார்கள். பினீசிய மொழியில் அந்த எழுத்தின் பெயர் ‘தாலெத்’. அதற்குக் கதவு என்று பொருள். எபிரேய மொழியில் இன்றைக்கும் கதவைக் குறிக்கும் சொல் ‘தெலெத்’தான்.

அந்த எழுத்து கிரேக்கத்தில் டெல்டா ஆனது. லத்தீனில் ஒரு பக்கம் வளைந்து, ஆங்கில எழுத்துகளில் நான்காவதான ‘டி’ ஆனது. அரபு மொழியின் ‘தால்’ எழுத்தும் இதே குடும்பம்தான். ஆக, கதவு ஒரு எழுத்தாகிவிட்டது. எழுத்து எப்படி நிலமானது?

எழுத்து நிலமான கதை

எகிப்தின் நைல் நதி கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் பல கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைகளுக்கு நடுவில் இருக்கும் நிலம், ஒரு முனையில் கூர்மையாகத் தொடங்கி கடற்கரையில் அகலமாக முடிகிறது. கிரேக்கர்களுக்கு அதைப் பார்த்ததும் தங்கள் முக்கோண எழுத்து நினைவுக்கு வந்தது. ‘டெல்டா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது அது பொதுச்சொல் அல்ல, நைல் நதியின் அந்த ஒரு நிலத்துக்கு மட்டுமேயான பெயர்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் காலத்திலேயே இந்தச் சொல்லை வைத்து ஒரு எல்லைத் தகராறு இருந்தது. டெல்டா மட்டும்தான் எகிப்து, அதைத் தாண்டி இருப்பதெல்லாம் எகிப்தில் சேராது என்பது அயோனிய கிரேக்கர்களின் வாதம். ஹெரோடோட்டஸ் அதை ஏற்கவில்லை. அதற்கு அவர் ஒரு சம்பவத்தைச் சாட்சியாகச் சொல்கிறார்.

மரேயா, ஆபிஸ் என்று இரண்டு எல்லையோர ஊர்கள். எகிப்திய மத விதிகள், முக்கியமாகப் பசு மாமிசம் சாப்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடு, அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. “நாங்கள் டெல்டாவுக்கு வெளியே இருக்கிறோம், அதனால் எகிப்தியர்கள் இல்லை” என்று சொல்லி, அம்மோன் தெய்வத்திடம் குறி கேட்டார்கள். வந்த பதில் அவர்கள் எதிர்பார்த்தது அல்ல. நைல் நதி பாய்ந்து நனைக்கும் நிலம் எல்லாமே எகிப்து. எலிபாண்டைன் நகரத்துக்குக் கீழே அந்த நதியின் தண்ணீரைக் குடிப்பவர்கள் எல்லோரும் எகிப்தியர்கள்.

கோடு போட்டு ஊரைப் பிரிப்பதா, தண்ணீர் போகும் இடத்தை வைத்துச் சேர்ப்பதா? ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட இந்தக் கேள்விதான் இன்றைக்குக் குரும்பகரத்திலும் நிற்கிறது.

இந்தச் சொல் இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. அலெக்சாண்டர் படையெடுப்பைப் பற்றி எழுதிய கிரேக்கர்கள், சிந்து நதியின் முகத்துவாரமும் நைல் மாதிரியே இருப்பதைக் கவனித்து அதையும் டெல்டாவோடு ஒப்பிட்டார்கள். ஒரு இடத்தின் பெயர், ஒரு வகை நிலத்துக்கான பெயராக மாறத் தொடங்கியது இப்படித்தான்.

மண் சொல்லும் டெல்டா

புவியியலில் டெல்டா என்றால் விஷயம் எளிது. ஆறு மலையிலிருந்து வேகமாக வரும்போது மண்ணையும் மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, வேகமும் குறைகிறது. சுமந்து வந்ததை இறக்கி வைக்க வேண்டியதாகிறது. இறக்கிய மண் ஆற்றின் பாதையையே மேடாக்கிவிடும். ஆறு வேறு வழி தேடிப் பிரியும். பிரிந்ததும் மறுபடி பிரியும். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த வண்டல்தான் டெல்டா.

குடகு மலையில் தலைக்காவிரியில் தொடங்கும் காவிரி சுமார் 800 கி.மீ. ஓடிக் கடலுக்கு வருகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரித்து விடப்படுகிறது. அங்கிருந்து கிழக்கே கிளைகள், கிளைகளின் கிளைகள். வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் முக்கோணம் தெரியும். அதன் கூர்முனை திருச்சிப் பக்கம், அடிப்பகுதி கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரைக்குமான கடற்கரை.

எல்லா டெல்டாவும் முக்கோணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா பறவையின் கால் விரல்களைப் போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு பலமா, அலை பலமா, ஓதம் பலமா என்பதைப் பொறுத்து டெல்டாக்களைப் பிரிக்கலாம் என்று 1975இல் வில்லியம் காலோவே என்ற புவியியலாளர் ஒரு வகைப்பாட்டைத் தந்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் அதுதான் இருக்கிறது. காவிரியின் கரையை வங்கக் கடலின் அலைகள் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கியிருக்கின்றன. பெயர் முக்கோணத்தில் பிறந்தாலும், இன்று வடிவத்தைப் பார்த்து யாரும் டெல்டா என்று முடிவு செய்வதில்லை. மண் எப்படி வந்தது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் காரைக்கால் நூறு சதவீதம் டெல்டா. அரசலாறு காரைக்கால் நகரத்தை ஒட்டித்தான் கடலில் கலக்கிறது. நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு என்று காவிரிக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகள் எல்லாம் இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் ஓடுகின்றன. குரும்பகரத்து வயலில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தால், அது ஏதோ ஒரு காலத்தில் மேற்கே இருந்து ஆற்றோடு வந்த மண். முதல் பதில் இது: மண் சொல்வது ‘ஆமாம், டெல்டாதான்.’

தமிழில் என்ன சொல்வது?

இங்கே ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. டெல்டாவுக்குத் தமிழில் ‘கழிமுகம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் ஆறு மண்ணைப் படிய வைக்காமல், கடல் நீர் உள்ளே ஏறி வரும் அகலமான முகத்துவாரத்துக்கும் அதே கழிமுகம் என்ற சொல்தான் புழங்குகிறது. நர்மதை, தபதி ஆறுகளின் முகம் அந்த வகை. இரண்டும் வேறு வேறு என்பதால், பள்ளிப் புத்தகங்களில் அதற்குப் ‘பொங்குமுகம்’ என்ற சொல்லும், இதற்கு ‘டெல்டா’ என்ற சொல்லுமே வருகின்றன.

‘வடிநிலம்’ என்று சொல்லலாமே? நீர்வளத் துறையில் ‘காவிரி வடிநிலக் கோட்டம்’ என்ற பெயரில் அலுவலகங்களே உண்டு. அங்கே அந்தச் சொல் ஆறு நீர் வாங்கும், நீர் கொடுக்கும் மொத்தப் பரப்பைக் குறிக்கிறது. அதில் டெல்டா ஒரு பகுதிதான்.

‘படுகை’? அது இன்னும் பெரிய குழப்பம். பேச்சில் காவிரிப் படுகை என்றால் ஆற்றோர விளைநிலம். எண்ணெய் தேடும் புவியியலாளருக்குக் காவிரிப் படுகை என்பது பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு இருக்கும் பாறைப் படிவங்களின் பள்ளம். கோண்டுவானா பெருங்கண்டம் உடையத் தொடங்கியபோது உருவானது, வயது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதன் மேல் போர்த்திய மெல்லிய போர்வை போலத்தான் நெல் விளையும் டெல்டா இருக்கிறது, அதற்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள். ஓஎன்ஜிசி நிறுவனத்தின் காவிரிப் பிரிவு அலுவலகம் காரைக்கால் நிரவியில் இருக்கிறது. ஒரே ஊரில் ஒருவர் ‘படுகை’ என்றால் கால் படும் மண், இன்னொருவர் ‘படுகை’ என்றால் கிலோமீட்டர் கணக்கில் கீழே இருக்கும் பாறை.

இத்தனை தமிழ்ச் சொற்கள் இருந்தும் மக்கள் வாயில் நின்றது ‘டெல்டா’தான். “நாங்க டெல்டாக்காரங்க” என்று சொன்னால் அதில் குறுவை, சம்பா, தாளடி, மேட்டூர்த் தண்ணீர் எல்லாம் அடங்கிவிடும். கிரேக்கத்திலிருந்து வந்த எழுத்து இங்கே ஊர் அடையாளமாகவே மாறிவிட்டது.

தண்ணீர் சொல்லும் டெல்டா

இப்போது பலருக்கும் தெரியாத இன்னொரு அர்த்தம். பாசனப் பொறியியலில் ‘டெல்டா’ என்றால் நிலமே அல்ல. அது ஒரு ஆழம்.

ஒரு பயிர் நட்டதிலிருந்து அறுவடை வரைக்கும் வயலுக்கு விட்ட தண்ணீர் முழுவதையும், ஆவியாகாமல், வடியாமல் அப்படியே வயலில் தேக்கி வைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது எவ்வளவு உயரத்துக்கு நிற்கும்? அந்த உயரம்தான் அந்தப் பயிரின் டெல்டா. குறியீடும் அதே முக்கோண எழுத்துதான். நெல்லுக்கு இது சுமார் 120 செ.மீ. என்று பாசனப் பாடநூல்கள் சொல்கின்றன. கிட்டத்தட்ட ஒரு ஆளின் மார்பு உயரம்.

ஒரு ஏக்கருக்கு இதைக் கணக்குப் போட்டால் சுமார் 48.5 லட்சம் லிட்டர் வரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊற்றுவதானால் 400 லாரிக்கு மேல் வேண்டும், ஒரு ஏக்கருக்கு, ஒரு போகத்துக்கு.

வாய்க்காலில் விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் 120 நாள் நிற்காமல் ஓடினால் எத்தனை ஏக்கர் நெல் விளையும்? 120 செ.மீ. டெல்டா என்று வைத்தால், சுமார் 60 ஏக்கர். வழியில் ஒரு சொட்டும் வீணாகவில்லை, மழையும் பெய்யவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் மழை உதவும், மண் வாய்க்கால் உறிஞ்சும்.

இந்த டெல்டாவைப் புரிந்துகொண்டால்தான் காவிரி வழக்கில் வரும் டிஎம்சி எண்கள் புரியும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர்.

காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைக்கப்பட்டது. 1991 ஜூன் 25இல் வந்த அதன் இடைக்கால உத்தரவு தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி என்றது, அதில் காரைக்காலுக்கு 6 டிஎம்சி விட வேண்டும் என்றது. 2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்தது, கர்நாடகத்தின் பங்கை 270இலிருந்து 284.75 ஆக உயர்த்தியது. கேரளத்தின் 30, புதுச்சேரியின் 7 இரண்டிலும் கை வைக்கவில்லை.

புதுச்சேரி நகரத்துக்குக் காவிரி போவதில்லை. அந்த 7 டிஎம்சி காரைக்காலுக்கானது. இவ்வளவு பெரிய எண்களுக்கு நடுவில் 7 என்பது சில்லறை மாதிரித் தெரியலாம். ஆனால் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரைக்கால் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 160 சதுர கி.மீ. 7 டிஎம்சி தண்ணீரை அந்தப் பரப்பு முழுவதும் சமமாகப் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? சுமார் 124 செ.மீ. ஒரு போக நெல்லின் டெல்டாவுக்குப் பக்கத்தில் வரும் எண்!

வீடு, சாலை, கோயில், துறைமுகம் எல்லாம் போக மீதிதான் வயல் என்பதால் நிஜக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. தண்ணீர்க் கணக்கில் காரைக்கால் ஒட்டுப்பகுதி இல்லை, காவிரியின் பங்காளி. எல்லா ஊரும் வாங்கி மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற தயவில் வருவதல்ல அந்த 7. தீர்ப்பில் எழுதப்பட்ட உரிமை.

எழுதப்பட்டது வயலுக்கு வந்து சேருமா என்பது வேறு கதை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட வேண்டும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு மதகிலும் ஷட்டர் தூக்கிய பிறகுதான் கடைமடைக்கு வரும். மேலே பற்றாக்குறை என்றால் அது முதலில் தெரிவது கீழே. கதவைக் குறித்த ஒரு சொல்லில் பிறந்த டெல்டாவில், இன்றைக்கும் யாருக்குத் தண்ணீர் என்பதை மதகின் கதவுதான் தீர்மானிக்கிறது.

குரும்பகரம் அந்தக் கடைமடைப் பகுதியில் இருக்கிறது. ஆக இரண்டாவது பதிலும் ‘ஆமாம், டெல்டாதான்.’

சட்டம் சொல்லும் டெல்டா

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. காவிரி டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எரிவாயு ஆய்வும் துரப்பணமும், செம்பு, அலுமினிய, துத்தநாக உருக்காலைகள், ஒருங்கிணைந்த எஃகு ஆலை, தோல் பதனிடும் தொழில் போன்றவையும் கூடாது என்றது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளுக்கும், துறைமுகம், சாலை, குழாய் பதிப்பு போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கும் விலக்கு உண்டு.

சரி, எது டெல்டா என்று சட்டம் எப்படி முடிவு செய்தது? வண்டலை வைத்து இல்லை. பட்டியலை வைத்து. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுசாக. கடலூரில் 5 ஒன்றியங்கள், புதுக்கோட்டையில் 5 ஒன்றியங்கள். அப்போது மயிலாடுதுறை நாகை மாவட்டத்துக்குள் இருந்தது, அந்த ஆண்டு டிசம்பரில்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. டெல்டாவின் வாசலான திருச்சியும், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் அரியலூரும் பட்டியலில் இல்லை.

பட்டியலுக்கு உள்ளே, வெளியே என்பது வெறும் காகித விவகாரம் இல்லை என்பது 2023இல் தெரிந்தது. மத்திய அரசின் நிலக்கரி ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்கள் இருந்தன. இவற்றில் மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டத்தில் வருகிறது. எதிர்ப்பு கிளம்பியதும், 2023 ஏப்ரல் 8இல் மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. அந்தச் சில நாட்களில் எல்லோரும் கேட்ட கேள்வி: எது டெல்டா, எது டெல்டா இல்லை?

காரைக்காலுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அது தமிழ்நாட்டில் இல்லை. 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962இல் சட்டப்படி இணைந்தது. பஞ்சாயத்தைக் ‘கொம்யூன்’ என்று சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. தமிழ்நாட்டுச் சட்டம் எவ்வளவு நல்ல சட்டமாக இருந்தாலும் அந்த எல்லைக்கல்லில் நின்றுவிடும்.

சுற்றுச்சூழல் அனுமதி, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் போன்ற மத்தியச் சட்டங்கள் காரைக்காலுக்கும் பொருந்தும். எனவே அங்கே யாரும் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் ‘இது டெல்டா, அதனால் இந்தத் தொழில் கூடாது’ என்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் தரும் காப்பு குரும்பகரத்துக்கு வராது. அப்படி ஒன்று வேண்டுமென்றால் புதுச்சேரி சட்டப்பேரவையோ நாடாளுமன்றமோதான் செய்ய முடியும்.

மூன்றாவது பதில்: தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி குரும்பகரம் ‘டெல்டா’ இல்லை.

மண்ணுக்கு எல்லைக்கல் தெரியாது. ஒரு பக்கம் தோண்டினால் நிலத்தடி நீர் இரண்டு பக்கமும் இறங்கும். ஒரு பக்கம் உப்பு ஏறினால் மறுபக்கத்துக்கும் வரும். சட்டத்தின் டெல்டா ஓரிடத்தில் முடிகிறது, தண்ணீரின் டெல்டா அங்கே முடிவதில்லை.

அப்போ ஷேர் மார்க்கெட் டெல்டா? கொரோனா டெல்டா?

அவையும் இதே எழுத்தின் பிள்ளைகள்தான். உலகத்தில் உள்ள டெல்டாக்கள் நிறைய இருந்தாலும், பெரும்பாலானவற்றை மூன்று குடும்பங்களில் அடக்கிவிடலாம்.

முதல் குடும்பம், வடிவம். ஆற்று டெல்டா, தேஜஸ் போர் விமானத்தின் முக்கோண இறக்கை, தோள்பட்டையில் இருக்கும் டெல்டாய்டு தசை எல்லாம் இந்த வகை. தடுப்பூசி போட்ட இடம் நினைவிருக்கிறதா? அதுதான் அந்தத் தசை.

இரண்டாவது, வரிசை. ஆல்பா, பீட்டா, காமாவுக்கு அடுத்து நான்காவது. 2020இன் பிற்பகுதியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட பி.1.617.2 என்ற கொரோனா வகைக்கு, 2021 மே 31இல் உலக சுகாதார நிறுவனம் ‘டெல்டா’ என்று பெயர் வைத்தது. நாட்டின் பெயரால் அழைத்தால் அந்த மக்களுக்கு அவப்பெயர் வரும் என்பதால், யாரையும் குறிக்காத எழுத்தாகப் பார்த்து எடுத்தார்கள். உலகத்துக்கு அது வெறும் எழுத்து. தஞ்சாவூரிலும் காரைக்காலிலும் அது ஏற்கெனவே ஊரின் பெயர்! ‘டெல்டா பரவல்’ என்று தலைப்பு வந்தால் வைரஸா, மாவட்டமா என்று உள்ளே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது, முதலெழுத்து. ‘வித்தியாசம்’ என்பதைக் குறிக்கும் லத்தீன் வழிச் சொல்லின் முதலெழுத்து ‘டி’. அதற்கு இணையான கிரேக்க எழுத்து டெல்டா. 1755இல் வெளியான தன் நூலில் கணிதமேதை ஆய்லர், மாற்றத்தின் அளவைக் குறிக்க இந்த முக்கோணத்தைப் பயன்படுத்தினார். இன்றைக்கு இயற்பியலில் வெப்பநிலை எவ்வளவு மாறியது என்று எழுதவும் அதேதான். போன் ஆப் அப்டேட் ஆகும்போது முழுவதையும் இறக்காமல், மாறிய பகுதியை மட்டும் இறக்கினால் அதற்கு ‘டெல்டா அப்டேட்’ என்று பெயர். ஆப்ஷன் வர்த்தகத்தில், பங்கின் விலை ஒரு ரூபாய் மாறினால் ஆப்ஷனின் விலை எவ்வளவு மாறும் என்பது டெல்டா. 0.5 என்றால் சுமார் 50 பைசா.

இந்த மூன்றில் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆப்ஷன் டெல்டாவைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் வாங்கினவருக்கு. ஆற்று டெல்டாவைத் தப்பாக வரையறுத்தால் நஷ்டம் ஊருக்கே.

அடுத்த முறை இந்தச் சொல்லைப் பார்த்தால்

‘டெல்டாவுக்குத் திட்டம்’, ‘டெல்டாவுக்கு நிவாரணம்’, ‘டெல்டாவில் தடை’ என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். இங்கே டெல்டா என்பது மண்ணா, தண்ணீரா, பட்டியலா? பட்டியல் என்றால் அதைப் போட்டது யார், எந்த ஆண்டு? அந்தப் பட்டியலுக்கு வெளியே, அதே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊர் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் குரும்பகரம் வரும். காரைக்காலின் மற்ற ஊர்களும் வரும். எல்லையை மாற்ற வேண்டும் என்பதில்லை, பெயரை மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. காவிரி நீரைப் பகிர்ந்தபோது புதுச்சேரியைத் தனி வரியில் எழுதி, உரிமையையும் சேர்த்து எழுதினார்கள். மண்ணைக் காக்கும் விதியிலும் அதே மாதிரி ஒரு வரி எழுத முடியும். வானிலை அறிக்கையில் ‘மற்றும்’ என்ற சொல் காரைக்காலை டெல்டாவோடு சேர்த்துத்தான் சொல்கிறது. மழைக்கு இருக்கும் அந்த ‘மற்றும்’ சட்டத்துக்கும் வருமா என்பதுதான் பாக்கி.